கையில் இருந்த மணி

துடைத்த தரையில் முகம் பார்க்கலாம் என்பதால், ஆஸ்பத்திரியில் அறை துடைக்கும் அவளுக்குக் 'கண்ணாடிக்கா' என்றே பெயர். ஒருநாள் நர்ஸ், கண்ணுக்குத் தெரியாத, நீல விளக்கில் மட்டும் மின்னும் மையை அறையில் அங்கங்கே முன்கூட்டியே தடவிவைத்து, அவள் துடைத்த பிறகு எங்கே மிச்சமிருக்கிறதென்று விளக்கடித்துப் பார்த்தாள். தரையில் ஒன்றுமில்லை. நோயாளியின் கையிலிருந்த அழைப்பு மணிப் பொத்தான் மட்டும் மின்னியது.

"எல்லாரும் தொடுறது இதைத்தானேக்கா?"

"தூங்குறவர் கையிலேர்ந்து எப்படிம்மா புடுங்குறது?"

இத்தனை வருடம் எடுத்த பெயர் ஒரு பொத்தானில் போனது. மறுநாள் மாப்பை வாசலிலேயே சாத்திவிட்டு, அவர் விழிக்கும்வரை காத்திருந்தாள்.

"மணியைக் குடுங்கண்ணே, தொடைச்சுத் தரேன்."

"அதுக்குள்ள ஏதாவதுன்னா யாரைக் கூப்பிடுறது?"

"என்னைத்தான். பக்கத்துலதானே நிக்கிறேன்."

அவர் யோசித்துவிட்டுக் கொடுத்தார். தரையை அன்று கடைசியாகத்தான் துடைத்தாள்.