மாரளவு தண்ணீர்

திருச்சியிலிருந்து என்ஜினியராக வந்து இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நான் கட்டிய முதல் பாலத்தை அந்த வருட மழையே அடித்துக்கொண்டு போயிற்று. ஓடையில் வெள்ளம் எவ்வளவு வருமென்று கங்காணியிடம்தான் கேட்டிருந்தேன். "முழங்காலளவுதாங்க" என்றிருந்தார்.

அவரிடம் கத்தித் தீர்த்தேன். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி குறுக்கிட்டாள்: "மழையில அவரு இந்தப் பக்கமே வர்றதில்லைங்க. கூடையோட எறங்குறது நாங்கதான். மாரளவு வரும்."

அவளை ஓடையில் நிற்கவைத்து, அவள் கைகாட்டிய உயரத்துக்கு மேல் மூன்றடி விட்டுக் கட்டினேன். அதன்பின் ஊவா மாகாணத்தில் எங்கே பாலம் போட்டாலும், நனைகிறவர்களிடம்தான் முதலில் கேட்டேன்.

ஓய்வுபெறும் வருடம் அடைமழையில் மடுல்சீமைக்குப் போனேன். பெண்கள் புதுக் கங்காணியை வைதுகொண்டே பாலத்தைக் கடந்தார்கள். ஒருத்திகூடக் கீழே தண்ணீரைப் பார்க்கவில்லை.