ஆல்பம் அக்காவின் அசையாத கேமரா

முதல் நாள் படப்பிடிப்பிலேயே அக்கா மானம் போகிற மாதிரி ஒரு காரியம் செய்துவிட்டார். படத்தில் அம்மாவாக நடிக்கும் அறுபது வயது நடிகை வாசலில் முழு உருவமாக நிற்க வேண்டும். ஆள் நின்றால் கேமராவை நெட்டையாகத் திருப்பிப் பிடிப்பது போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அக்காவுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். அந்த நினைப்பிலேயே, "தம்பி, கேமராவக் கொஞ்சம் பக்கவாட்டுல திருப்புங்க" என்றார். டைரக்டர் சொல்கிறாரே என்று கேமராக்காரரும் திருப்பினார். எடுப்பதைக் காட்ட வைத்திருந்த டிவியில் பார்த்தால் நடிகை படுத்துக் கிடக்கிறார்!

"அக்கா, தியேட்டர்ல ஜனங்க கழுத்தச் சாய்ச்சுக்கிட்டா பாப்பாங்க? அப்புறம் வைத்தியம் யாரு பாக்குறது?" என்றார் கேமராக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு வைத்த பெயர்தான் ஆல்பம் அக்கா. அக்காவும் கூடச் சிரித்து வைத்தார். சிரிக்காவிட்டால் அழுகை வந்திருக்கும்.

அதற்கு முன் அக்காவுக்கு உலகம் என்றால் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு ஸ்டூடியோதான். ஒரு முக்காலி, ஒரு நீலத் துணி, ஒரு கண்ணாடி, யாரும் கொண்டுபோய்விடாதபடி கயிற்றில் கட்டிய சீப்பு. குடும்பப் படம் எடுக்க வருகிறவர்களை, "கொஞ்சம் நெருங்கித்தான் நில்லுங்களேன், சண்டையா?" என்று ஒட்ட வைத்துவிட்டு, சாயங்காலம் ஒற்றை ஆளாக வீட்டுக்குப் போவார். கல்யாணம் அமையவில்லை. அப்பாவும் அம்மாவும் கடவுளிடம் போய்விட்டார்கள். ஒரே தம்பி, அவனும் தூர தேசத்தில்.

பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்கள் மூச்சை அடக்கி, முகத்தை இஸ்திரி போட்டதுபோல வைத்துக்கொள்வார்கள். கிளிக் என்று சத்தம் கேட்டதும், "அவ்வளவுதானா?" என்று தோளைத் தொங்கப் போடுவார்கள். கடவுள் கொடுத்த சொந்த முகம் அப்போதுதான் வெளியே வரும். ஆனால் படம் எடுத்து முடிந்திருக்கும். அந்த முகத்தை விடக் கூடாது என்றுதான் அக்கா வீடியோ எடுக்கத் தொடங்கினார். சம்மதித்தவர்களின் முகங்களை மட்டும் சேர்த்துப் பத்து நிமிடப் படமாக்கினார். அதைப் பார்த்த ஒரு தயாரிப்பாளர், "சின்னதா ஒரு படம் பண்ணுங்கம்மா" என்று கூப்பிட்டார்.

சினிமாவுக்கு வந்தும் பழைய கைதானே! அக்காவின் கேமரா முக்காலியில் உட்கார்ந்தவர் கண் உயரத்துக்கு இருக்கும், நகராது. வசனம் முடிந்தாலும் லேசில் 'கட்' சொல்ல மாட்டார். எட்டாம் நாள் தயாரிப்பாளர் பொறுமை இழந்துவிட்டார்.

"ஏம்மா, படம் ஓடணும்னா கேமரா நடக்கவாவது வேணாமா? அடிச்சு வெச்ச ஆணி மாதிரியே நிக்குது. நாளைக்கு அம்மா போன் பேசுற சீன்ல கேமரா சுத்தி வரணும். இல்லேன்னா மிச்சப் படத்த கேமராக்காரரே எடுக்கட்டும்."

அன்று மாலை தங்கியிருந்த அறையில் அக்காவுக்கு யாரிடமாவது கேட்க வேண்டும்போல இருந்தது. தம்பிக்குப் போன் போட்டார். "அவங்க சொல்றதக் கேட்டுட்டுப் போயேன்க்கா, நான் வேலையில இருக்கேன்" என்று வைத்துவிட்டான். கேட்க வேறு ஆள் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஆண்டவனே, நீயாவது சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் தண்டவாளம் போட்டு, நடிகையைச் சுற்றிக் கேமராவைத் தள்ளினார்கள். மகன் ஊருக்கு வரமாட்டேன் என்று சொல்வதை அம்மா போனில் கேட்கிற காட்சி. குறை சொல்ல முடியாதபடி எடுத்தார் அக்கா. "இதுதான் சினிமா!" என்றார் தயாரிப்பாளர்.

"சார், என் முறையில ஒரு தடவை" என்று கேட்டு வாங்கினார் அக்கா.

கேமரா அசையாமல் நின்றது. நடிகை பேசி முடித்துப் போனை வைத்தார். அக்கா 'கட்' சொல்லவில்லை. காட்சி முடிந்தது என்று நினைத்த நடிகை முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு மடியில் மறைத்து வைத்திருந்த தன் சொந்தப் போனை எடுத்துப் பார்த்தார். அதில் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. மறுபடியும் மறைத்துக்கொண்டார்.

டிவி முன்னால் தயாரிப்பாளர் டீயைக் குடிக்க மறந்து நின்றார். "இதுக்குத்தானா இத்தனை நாளும் காத்துக்கிட்டிருந்தீங்க? எனக்குப் புரியாமப் போச்சேம்மா. சுத்துனதத் தூக்கிப் போடுங்க. இனிமே உங்க இஷ்டம்தான்."

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எடுத்த படத்தை முதலில் அந்த ஆளிடம் காட்டுவார். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடுவார். நடிகையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நடிகை கடைசிவரை பார்த்தார். "எம் பொண்ணு பேசி ரெண்டு வருஷமாச்சும்மா. நான் போனப் பாத்துப் பாத்து வைக்கிறது ஊருக்குத் தெரிய வேணாம். அழிச்சிடு."

"போன வெட்டிட்டு முகத்த மட்டும் வெச்சுக்கிட்டு..." என்று இழுத்தார் அக்கா.

"முகத்துலதானே எல்லாம் இருக்கு?"

அக்கா தயாரிப்பாளரிடம் போய்ச் சொன்னார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கேமரா முன்னாடி வந்தது நம்மளுதும்மா! இதை விட்டா மறுபடி சுத்துறதுதான். மிச்சப் படமும் அப்படித்தான் எடுக்கணும். யோசிச்சுக்குங்க."

"யோசிச்சிட்டேன் சார். அவங்க வேணாம்னா வேணாம்."

நடிகை பார்க்கவே அக்கா அதை அழித்தார். நடிகை அவர் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனார்.

படம் வெளியானது. அக்கா சீட்டு வாங்கிக்கொண்டு ஓரத்தில் போய் உட்கார்ந்தார். அந்தக் காட்சி வந்தது. பக்கத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்லா எடுத்திருக்காங்கல்ல?" என்றாள்.

"நல்லா இருக்கும்மா" என்றார் அக்கா.

கேமரா நடிகையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. முகம் வரும், பார்ப்பதற்குள் போகும், முதுகு வரும். கொஞ்சம் நில்லேன், கொஞ்சம் நில்லேன் என்று அக்காவின் மனசு கெஞ்சியது. அது பாட்டுக்கு இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.