அப்பா பிரிக்காமல் விட்ட தோப்பு

ஆனைமலைப் பக்கம் இருந்த நிலத்தை எனக்கும் தம்பிக்கும் பிரித்துக் கொடுத்த அப்பா, வீட்டை ஒட்டிய தென்னந்தோப்பை மட்டும் பிரிக்கவில்லை. "இது பொதுவுல இருக்கட்டுங் கண்ணு" என்றார். எதற்காகப் பொது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு, காய் இறக்கும் நாளில் மட்டும் இருவரும் தவறாமல் வந்து நின்றோம். அடுத்து மழை பொய்த்து மோட்டார் ஓடாத அளவுக்குக் கிணறு வற்றியது. தம்பி பார்த்துக்கொள்வான் என்று நான் இருந்தேன். அக்கா பார்க்கும் என்று அவன் இருந்தான்.

தோப்பை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்த அம்மா, அந்தக் கோடையில் தோப்பில் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் குடம் கிடந்தது. காரியமெல்லாம் முடிந்து பார்த்தால், தோப்பே காய்ந்து கிடக்க, வீட்டோரம் நாலைந்து மரங்கள் மட்டும் பச்சையாக நின்றன.

"அக்கா, அம்மா ஒத்தையில தூக்கித் தூக்கி ஊத்தியிருக்குதுங்க" என்று தம்பி அழுதான்.

இப்போது புதுக் கன்றுகள் வைத்திருக்கிறோம். வருமானம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு என்று பேசிவிட்டோம். முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம். யாராவது பொது என்றால், "எதுக்குங்க, யாருங்க பாக்கறது?" என்று கேட்டுவிடுகிறேன்.

அந்தக் குடத்தை மட்டும் இருவருமே வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அது பொதுவில் இருக்கிறது.