உருளை ஒரு வீட்டில், கூடு ஒரு வீட்டில்

என் அத்தான் மீன் சாப்பிடமாட்டார். மீன் வாடை அடித்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் வீட்டில் நாற்பத்தொரு பழைய தூண்டில் ரீல்கள் இருந்தன என்றால் யாரும் நம்புவதில்லை. என் அக்காவைக் கேளுங்கள், சொல்வாள். அவள் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் சக்களத்திகள்.

அத்தானுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. முப்பது வருடமாக மோட்டாருக்குக் காது கொடுத்தே பிழைத்தவர். தூண்டில் ரீலையும் காதால்தான் பார்ப்பார். பழைய சாமான் சந்தையில், துருப்பிடித்த பூட்டுக்கும் பிடி போன குடைக்கும் நடுவில் ஒன்று கிடந்தால் போதும். குத்தவைத்து உட்கார்ந்து, காதருகே வைத்து, கைப்பிடியை மெல்லச் சுற்றுவார். உள்ளே ஒரு சின்ன நாக்கு பல்சக்கரத்தில் தட்டித் தட்டி டிக் டிக் என்று சத்தம் போடும். "பேசுது மாப்ள" என்பார். நானும் குனிந்து கேட்பேன். எனக்கு அது டிக் டிக் என்றுதான் கேட்கும். அவருக்காக அத்தனை தூரம் வெயிலில் கார் ஓட்டி வந்தவனுக்கு வேறென்ன கேட்கும்?

புதிதாக ஒன்று வந்தால் அன்றைக்குச் சாப்பாட்டு மேசை அவருடையது. கிழிந்த பனியனை விரித்து, திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே வைத்து, பல் தேய்க்கும் பிரஷால் அழுக்கை எடுத்து, தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விடுவார். பித்தளையை மட்டும் தேய்க்கமாட்டார். ஏறிய கறுப்புதான் அதற்கு மதிப்பு. அக்கா ஒருமுறை உதவி செய்வதாக நினைத்து ஒன்றைப் பளபளவென்று விளக்கிவிட்டாள். மனிதர் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. கோபத்தில் இல்லை, கோபப்பட்டுவிடுவோமோ என்ற பயத்தில்.

நாற்பத்தொன்றில் ஒன்று மட்டும் சுற்றாது. அது வெறும் கூடு. நூல் சுற்றும் உருளை அதில் இல்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொன்றையும் கையால் பொருத்தி, கூட்டிலும் உருளையிலும் ஒரே எண்ணை அடித்துவிடுவார்களாம். அத்தானின் கூட்டில் 318. அதே 318 உருளை ஊரின் மறுகோடியில் ஒரு பல் டாக்டரிடம் இருந்தது. அவருக்கும் இதே கிறுக்கு. அத்தான் பேச்சைக் கொட்டாவி விடாமல் கேட்கிற ஒரே ஆளும் அவர்தான். பதினொரு வருடமாக "உங்க கூட்டைக் குடுங்க" என்று அவரும், "உங்க உருளையைக் குடுங்க" என்று இவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொண்டு வாங்க, சேர்த்துத்தான் பார்ப்போமே என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. இரண்டும் வீம்பு பிடித்த ஜென்மங்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

போன மாதம் டாக்டர் போன் செய்தார். வீட்டைக் காலி செய்துவிட்டு வெளிநாட்டில் மகனோடு இருக்கப் போகிறாராம். சேர்த்ததையெல்லாம் கொடுத்தாகிவிட்டது, அந்த உருளைதான் மிச்சம். "கிளம்பறதுக்குள்ள ஒரு தடவை மாட்டிச் சுத்திப் பாத்துடலாம், கூட்டைக் கொண்டு வாங்க" என்றார்.

இதற்காகத்தானே இத்தனை வருடம் தவம் கிடந்தார்? ஆனால் அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. காரில் பாதி வழி போன பிறகுதான் வாயைத் திறந்தார். கூடு வாங்கிய புதிதில், டாக்டரைத் தெரிவதற்கு முன்னால், பொறுமையில்லாமல் வேறொரு ரீலின் உருளையை அதில் மாட்டப் பார்த்திருக்கிறார். அந்த உருளையின் துளை சின்னது, தண்டில் ஏறவில்லை. அரத்தை எடுத்துக் கூட்டின் நடுத்தண்டை ராவி ஒல்லியாக்கிவிட்டார். அப்படியும் அந்த உருளை ஒத்துவரவில்லை. இனி அசல் உருளையை மாட்டினாலும் லொடலொடவென்று ஆடும்.

"அப்ப இத்தன நாளும் வீம்பு இல்லையா?"

"வெக்கம் மாப்ள. பாத்தார்னா இனிமே என்கூடப் பேசுவாரா? திரும்பிடலாமா?"

"இவ்ளோ தூரம் வந்தாச்சு. பேசாம உக்காருங்க." கொஞ்சம் அதட்டலாகத்தான் சொன்னேன்.

டாக்டர் வீட்டில் அலமாரிகள் இருந்த இடமெல்லாம் சுவரில் வெள்ளையாகத் தெரிந்தது. அட்டைப் பெட்டிகள், ஒரு மேசை, ஒரு சூட்கேஸ், மூன்று நாற்காலி. அத்தான் உட்காரக்கூட இல்லை. "டாக்டர், நான் இதைக் கெடுத்துட்டேன்" என்று ஆரம்பித்து, அரம் வரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

டாக்டர் மேசைமேலிருந்த கைக்குட்டைப் பொட்டலத்தை அருகே இழுத்தார். கைக்குட்டையைப் பிரித்து உருளையை எடுத்தார். அதன் துளைக்குள் வேறு நிறப் பித்தளையில் மெல்லிய வளையம் ஒன்று இறுக்கியிருந்தது.

"எங்கிட்ட ஒல்லித் தண்டு வச்ச கூடு ஒண்ணு இருந்துச்சு. அதுல மாட்டணும்னு துளையைச் சின்னதாக்க இந்த வளையத்தைப் போட்டேன். கழட்டினா உருளை உடைஞ்சிடும். எந்த மூஞ்சிய வச்சுட்டு உங்களைக் கூப்பிடறது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்தான் உருளையை வாங்கித் தண்டில் வைத்தார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மயிரிழை ஆட்டம் இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் அதுவும் அடங்கியது. கைப்பிடியைச் சுற்றினார். டிக் டிக் டிக். அந்தக் காலி அறை முழுக்க அதுதான். எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய் சொல்வானேன்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் பொறுமைசாலியா இருந்திருந்தாக்கூட இது சேந்திருக்காது" என்றார் டாக்டர். கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாயங்காலம் வரை மாற்றி மாற்றிச் சுற்றினார்கள்.

கிளம்பும்போது டாக்டர் அதை அத்தான் கையில் கொடுத்தார். அத்தான் அதைத் துணியில் சுற்றி, சூட்கேஸைத் திறந்து, டாக்டரின் இரண்டு சட்டைகளுக்கு நடுவில் வைத்து மூடினார். காரில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு வருடம் ஏங்கியதை இப்படியா தூக்கிக் கொடுப்பது என்று கேட்டேன்.

"எனக்கு வீட்ல இன்னும் நாப்பது இருக்கு. அவருக்கு அங்க இதைப் பத்திப் பேச யாரு இருக்கா?" என்றார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டாக்டர் போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் ஒரு நிமிடம்தான். பிறகு அவர் அங்கே சுற்ற, இங்கே அத்தான் கண்ணை மூடி, போனைக் காதில் அழுத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"எண்ணெய் காஞ்சிருக்கு டாக்டர். ஒரு சொட்டு விட்டுட்டு வாங்க, நான் இருக்கேன்."