காயவைத்த மண்

மூன்று வருசத்துக்கு முன்பு, ஒரு மாசி மாதம் நடந்தது. மாத்தளை டவுனுக்கு மேலே மலைச்சரிவில் எனக்கு அரை ஏக்கர் மிளகு இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன், தனியாக.

கொடியெல்லாம் என் சம்சாரம் வைத்தது. நான் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய் வந்தவன். மிளகுப் பக்கம் அதிகம் போனதில்லை. அவள் இறந்த அடுத்த வருசம் இலை மஞ்சளானது. பிறகு உதிர்ந்தது. கொடிகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

பக்கத்துக் காணிக்காரர் வேலியோரம் நின்று சொன்னார். "அது அவங்க கை வச்சது. நீங்க எங்க திரும்பிப் பாத்தீங்க, அண்ணே?"

இருக்கலாம் என்று நினைத்தேன். என்னால்தான் செத்ததா என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

விவசாய உத்தியோகத்தர் வந்து பார்த்தார். வேரில் நூல்புழு இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது, மண்ணைச் சோதிக்கக் கொடுங்கள் என்றார். எப்படி எடுப்பது என்று நான் கேட்கவில்லை. மண் வெட்ட எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

செத்த கொடியடியில் வெட்டினேன். கல்லையும் வேரையும் பொறுக்கிப் போட்டேன். படங்கு விரித்து அதில் பரப்பி மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். எங்கள் பக்கம் ஈரமாக எதையும் டவுனுக்குக் கொண்டுபோக மாட்டோம். மிளகோ கராம்போ, ஈரமென்றால் கடைக்காரர் திருப்பி விடுவார். மண்ணையும் அப்படித்தான் நினைத்தேன். சலித்தும் எடுத்தேன்.

சோதிக்கும் இடத்தில் ஒரு சிங்களப் பெண் இருந்தார். பையை அவிழ்த்தார்.

"அங்கிள், இது மண்ணா, மிளகாய்த்தூளா?" என்று சிங்களத்தில் கேட்டார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். "புழு உயிரோட இருந்தாத்தானே தண்ணியில நீந்தி வெளியே வரும்? காயவச்சுக் கொன்னுட்டீங்களே. வீட்டுல யாரும் சொல்லலையா?"

"வீட்டுல யாரும் இல்ல, மிஸ்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். மம்பட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கூட்டிப்போனார். மேல்மண்ணை ஒதுக்கி, ஒரு சாண் ஆழத்தில் வெட்டிக் காட்டினார்.

"செத்த கொடியில எடுக்காதீங்க. புழு அங்க நிக்காது, உயிருள்ள வேரைத் தேடிப் போயிரும். பாதி மஞ்சளா நிக்கிறதுல எடுங்க. மெல்லிசு வேரும் வேணும். வெயில் படக் கூடாது."

என் காணியில் அப்படி நின்றது நாலு கொடிதான். நாலிலும் எடுத்தேன். ஷொப்பிங் பேக்கில் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பத்து நாள் கழித்துப் போனேன். புழு நிறைய இருக்கிறது என்றார் அந்தப் பெண். வேரைத் தண்ணீரில் அலசிக் காட்டினார். நூலில் மணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது.

"உங்க மேல பிழை இல்ல, அங்கிள். இது வருசக்கணக்கா மெல்ல மெல்லத் தின்னிருக்கு. அனேகமா கன்னோட மண்ணுலயே வந்திருக்கும். கன்னு எங்க எடுத்தீங்க?"

கன்றை என் சம்சாரம்தான் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். பால்மா பையில், மண்ணோடு. பஸ்ஸில் வழியெல்லாம் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். மண் உதிர்ந்தால் பிழைக்காது என்றாள்.

"தெரியாது, மிஸ்" என்றேன்.

மிச்சக் கொடிகளைப் பிடுங்கி எரித்தேன். அவர் சொன்னபடி அந்த மண்ணில் துலுக்கச் செவ்வந்தி போட்டேன். அது புழுவைக் குறைக்குமாம். பக்கத்துக் காணிக்காரர் எட்டிப் பார்த்தார். "மிளகைச் சாக விட்டுட்டு இப்ப பூவா, அண்ணே?" என்றார்.

இன்றைக்கும் நான் பார்க்காமல் விட்டதுதான் காரணம் என்கிறார். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்த மண்ணைச் சொல்வதைவிட, இந்தப் பழி எனக்கு லேசாகத்தான் இருக்கிறது.