விடுமுறை நாளில் ஓடாத இயந்திரம்

அம்பத்தூரில் மாவு அரைக்கும் இயந்திரம் செய்யும் பட்டறையில் நான் மேற்பார்வையாளர். வெளியூர் வியாபாரிகளுக்குப் புது இயந்திரத்தை ஓட்டிக் காட்ட, இடம் காலியாக இருக்குமே என்று வார விடுமுறை நாளைக் குறித்தேன். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் சுவிட்சைப் போட்டேன். அசையவில்லை.

"இன்னா சார், கரண்ட்டு கட்டாவற நாளுன்னுதானே நமக்கு லீவே வுட்டுக்கீறாங்க!" என்றார் ஃபிட்டர் கன்னியப்பன்.

முதலாளி பக்கம் திரும்பவே பயம். பக்கத்திலுள்ள நூம்பல் ரைஸ்மில்லில் கரண்ட் தேவைப்படாத ஆயில் இன்ஜின் இருப்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. இயந்திரத்தை லாரியில் ஏற்றி, வியாபாரிகளையும் அழைத்துக்கொண்டு ஓடினோம். பெல்ட் மாட்டி இன்ஜின் கிளம்பும்வரை எனக்கு உயிரே இல்லை. தவிட்டுத் தூசியில் இருமியபடியே மாவைத் தொட்டுப் பார்த்தவர்கள், ஆர்டர் கொடுத்தார்கள்.

இப்போதெல்லாம் எந்த நிகழ்ச்சி என்றாலும் முந்தின வாரம் அதே கிழமையில் அது நடக்கும் இடத்துக்கே போய் சுவிட்சைப் போட்டுப் பார்க்கிறேன். விளக்கு எரிந்த பிறகுதான் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்.