மிராசுதாரின் பன்னிரண்டு கம்பி

டிவி ஆன்டெனா கட்டுகிறவனுக்கு ஏணி, கயிறு, ஸ்பேனர் எல்லாம் அப்புறம்தான். கீழே நின்று "தெரியுது, தெரியல" என்று உண்மை பேசுகிற ஓர் ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. கேபிள் வருவதற்கு முன்னால் மொட்டை மாடி வெயிலில் கம்பியைத் திருப்பித் திருப்பிக் கை கடுத்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களில் அதையே தொழிலாகச் செய்தவன். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஊருக்குத் தெரிய வேண்டியது

எங்களுக்கு எட்டியவை இரண்டே நிலையங்கள். மேற்கே கொடைக்கானல், தென்கிழக்கே இலங்கை. இரண்டுமே தூரம் என்பதால் ஹை கெயின் ஆன்டெனா வேண்டும். கம்பி கூடக்கூட அது தூரத்தில் இருப்பதை இழுக்கும். ஆனால் ஒரு பக்கம்தான் பார்க்கும், கொஞ்சம் விலகினாலும் கோபித்துக்கொள்ளும். உயரமான மாடிக்கு ஆறு கம்பி போதும். பள்ளத்துக் குடிசைக்குத்தான் பன்னிரண்டு.

ஓர் ஊரில் அறுவடைக் கூலித் தகராறில் மிராசுதாருக்கும் காலனிக்காரர்களுக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. பஞ்சாயத்து, காலனிக்கு ஒரு டிவியும் ஆறு கம்பி ஆன்டெனாவும் வாங்கிக் கொடுத்தது. அதை மூங்கிலில் கட்டி முடித்த அன்றே மிராசுதார் ஆள் அனுப்பினார். தனக்குப் பன்னிரண்டு போடச் சொன்னார். இரண்டு மாடி வீட்டுக்கு ஆறே தாராளம், பன்னிரண்டு காலனிக்குத்தான் தேவை என்று அவரிடமே போய்ச் சொல்லிப் பார்த்தேன்.

"படம் எப்படின்னு வீட்டுக்குள்ள இருக்கிறவனுக்குத்தான் தெரியும் தம்பி. கம்பி எத்தனைன்னு ஊருக்கே தெரியும்."

கூடத்தில் நின்ற அம்மாள்

அவருக்குக் கொடைக்கானல் வேண்டும். கூடத்தில் டிவி முன்னால் நின்று எனக்குக் குரல் கொடுத்தது அவர் சம்சாரம். மேற்கே திருப்பினேன், ஒன்றுமே தெரியவில்லை என்றார். வடக்கே வந்தேன்; அதற்கும் அதே பதில்தான். அரை மணி நேரம் திண்டாடி, சலித்துப்போய்த் தென்கிழக்கே தள்ளினேன். இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது, அப்படியே முடுக்கிவிடு என்றார்.

இறங்கி வந்து பார்த்தால் இலங்கை டிவியில் சிங்களச் செய்தி. பின்னாலேயே தமிழ்ப் பாட்டு வரும் என்று அந்த அம்மாளுக்கு நேரம் அத்துப்படி; மேற்கே தெரிந்த கொடைக்கானலை எனக்குச் சொல்லவே இல்லை. மிராசுதார் முறைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். புரியாத பாஷையை ஏனம்மா பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் பேசுறது மட்டும் புரிஞ்சா கேட்டுக்கிட்டு இருக்கேன்?"

எதிர்ப் பக்கம்

காலனியில் அஞ்சலை என்று ஒரு நடவுக்காரி. அவள் பாடிய நடவுப் பாட்டை டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடைக்கானலில் வரும். புருஷன் வீட்டார், பிறந்த வீட்டார் எல்லோருக்கும் சொல்லியனுப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் டிவியில் வெறும் புள்ளி மழை. என்னைக் கூப்பிட ஆள் வந்தது.

போய்ப் பார்த்தேன். நான் மேற்கே கட்டிய ஆன்டெனா வடமேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் எங்களுக்கு எட்டுகிற நிலையம் எதுவும் இல்லை. திருப்பியவர் கூலிச் சங்கத் தலைவர் கோவிந்தன். ஏன் என்று கேட்டேன்.

"மிராசுதாருது தென்கிழக்க பாக்குதுங்க. அவர் பாக்குற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம்தான் நாம பாக்கணும்."

வாய்க்கால் கரை

மேற்கே திருப்பினேன். சத்தம் கரகரவென்று வந்தது, படம் வரவில்லை. அந்தப் பள்ளத்தில் ஆறு கம்பிக்கு அவ்வளவுதான் முடியும். அஞ்சலை என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டிய அன்றே பஞ்சாயத்தில் போய்ச் சண்டை போடாமல் விட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

துணிந்து மிராசுதார் வீட்டுக்குப் போனேன். ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் பன்னிரண்டைக் கேட்டேன். காலனிக்கா என்றார், முகம் சிவக்க. உள்ளேயிருந்து அம்மாள், பாட்டைப் படம் பிடித்தது நம் கீழண்டை வயலில்தானே என்றார். அவர் வாசலில் இறங்கி மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு கழற்றிக்கொள்ளச் சொன்னார். காலனிக்குக் கொண்டுவந்ததும் கோவிந்தன் வேண்டாம் என்று முறைத்தார். அஞ்சலை பார்த்த பார்வையில் அவரே வந்து மூங்கிலைப் பிடித்தார்.

படம் வந்தது. அஞ்சலை வந்தாள். நாற்று முடியோடு குனிந்து, கூலி நெல்லைக் குறைத்து அளந்த மரக்காலைப் பாட்டிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினாள். பின்னால் மிராசுதாரின் வயல் பச்சையாகத் தெரிந்தது. தற்செயலாகத் திரும்பினேன். வாய்க்கால் கரையில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டு மாடியில்தான் கம்பியே இல்லையே! கூட்டமும் திரும்பிப் பார்த்தது. அஞ்சலைதான் எழுந்தாள்.

"அங்கேருந்து பாத்தா வயல் சரியாத் தெரியாதுங்க ஐயா. வந்து உக்காருங்க."

அவர் வந்து உட்கார்ந்தார். கோவிந்தன் நகர்ந்து இடம் விட்டார். மறுநாள் பன்னிரண்டைக் கழற்ற ஏணியோடு போன என்னை மிராசுதார் வழியிலேயே நிறுத்தினார்.

"அது அங்கேயே இருக்கட்டும், ஆறைக் கொண்டாந்து இங்கே கட்டு. ஆறே போதும்னு அன்னைக்கே சொன்னியே, கொஞ்சம் அழுத்திச் சொல்லக் கூடாதா?"

இத்தனை வருடத்தில் எந்தக் கம்பியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன், அழுத்திச் சொல்வதற்கு மட்டும் இன்னும் உள்ளேயிருந்து யாராவது ஓர் அம்மாள் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.